ஹஃப்ஸாவுக்கு ஒரு கெட்ட குணம்

அய்யம்பேட்டையில் எந்த நிக்காஹ் வீட்டுக்கும் ஹஃப்ஸா வந்துவிட்டால் பெண்கள் பக்கத்துப் பந்தி லேசில் எழாது. சாப்பிட்டு முடித்தவர்கள் கை காய்ந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த பந்திக்காரர்கள் தலைமாட்டில் நின்று முறைப்பார்கள். நடுவில் ஹஃப்ஸா யாரையாவது பேசிக்காட்டிக்கொண்டிருப்பாள். துபாயிலிருந்து வந்த நாத்தனார் நம்மூர் வெயிலைக் குறை சொல்வது, மாப்பிள்ளை வீட்டார் கறியில் எலும்பைத் தள்ளிவிட்டுக் கணக்குப் பார்ப்பது, பேருந்து நடத்துநர் சில்லறை இல்லை என்று வேறு பக்கம் திரும்பிக்கொள்வது எல்லாம் அப்படியே வரும். ஐம்பதை நெருங்கும் வயதில், குடைக்கடை மீரா உசேன் பெண்டாட்டிக்கு இது தேவையா என்று கேட்டவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார்கள்.

அப்படி ஒரு வீட்டுக்குப் படம் எடுக்க வந்தவன்தான் பூதலூர் சேரன். திரைக்கு அந்தப் பக்கம் கிளம்பிய சிரிப்பைக் கேட்டு, யார் அது என்று விசாரித்தான். கல்யாண வீடியோ அவனுக்குச் சோறு. யூடியூபில் வாராவாரம் போடும் ‘வாய்க்கால் தெரு’ என்ற நகைச்சுவைத் தொடர் அவனுக்கு உயிர். ஒரு தெரு, நாலு குடும்பம், ஓயாத சண்டை, அவ்வளவுதான் கதை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் அம்சம்தான் அதில் கதாநாயகி. அம்சம் வாயைத் திறந்து வைய ஆரம்பித்தால் டெல்டா முழுக்கச் சிரிக்கும்.

விளம்பரம் கொடுக்கும் ஜவுளிக்கடைக்காரர் அந்தச் சமயம் சேரனிடம் ஒன்று சொல்லியிருந்தார். தெரு என்றால் எல்லா ஜனமும் இருக்க வேண்டாமா, ஒரு பாய் வீட்டையும் சேர்த்தால் நன்றாக இருக்குமே என்றார். சேரனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுவாரமே மீரா உசேனிடம் வந்து பேசினான். தலையில் முக்காடு விலகாது என்றால் சரி என்று அவர் ஒருவழியாகத் தலையாட்டினார். அன்று ஹஃப்ஸாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சின்ன வயசிலிருந்து அவள் ஆசைப்பட்டது நடிக்கத்தான்; அதை யாரிடமும் சொன்னதுகூட இல்லை.

சேரன் நல்ல பிள்ளை. கெடுத்ததும் அந்த நல்ல மனசுதான். முதல் வாரம் கதையில் தெருவுக்குள் வெள்ளம் வர, ஹஃப்ஸா பிரியாணி கொண்டுவந்தாள். அடுத்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வர, தைலம் கொண்டுவந்தாள். அதற்கடுத்து மாமியாரையும் மருமகளையும் சமாதானம் செய்துவைத்துவிட்டு, தேங்காய்ப்பால் கஞ்சி கொண்டுவந்தாள். அவள் வந்ததும் தெருவே சண்டையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றது. சண்டையை நிறுத்திவிட்டால் அந்தத் தெருவில் பார்க்க என்ன இருக்கிறது? ஊரையே சிரிக்கவைத்த பொம்பளையைக் கூப்பிட்டுவந்து, கையில் தூக்குவாளியைக் கொடுத்து நிற்கவைத்துவிட்டான் பாவி.

படப்பிடிப்பிலும் அதே கதை. மற்றவர்கள் சாக்கை விரித்து வட்டமாக உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். ஹஃப்ஸா வந்ததும் அம்சம் ஓடிப்போய் நாற்காலி எடுத்துப்போட்டு, “பாயம்மா, நீங்க இப்படி மேல ஒக்காருங்க” என்பாள். பேச்சும் அத்தோடு அடங்கிவிடும். அன்பில் குறைவே இல்லை. ஆனால் மாதக்கணக்கில் விருந்தாளியாகவே இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தொடரைப் பார்க்கிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். கீழே கருத்துப் பகுதியில் வேறொரு சண்டை கிளம்பியது. இவர்களை எதற்கு உள்ளே நுழைத்தாய் என்று ஒரு கூட்டம் திட்டியது. மத நல்லிணக்கம் வாழ்க என்று இன்னொரு கூட்டம் கைகூப்பியது. சிரிப்பு வந்தது என்று இரண்டு கூட்டத்திலும் ஒருவரும் எழுதவில்லை. ஒரே ஒரு பெண் மட்டும், ‘நல்ல அம்மாதான், ஆனா எதுக்கு வர்றாங்கன்னு புரியல’ என்று எழுதியிருந்தாள். ஹஃப்ஸா அதைப் பலமுறை படித்தாள். அவளுக்கும் அதேதான் புரியவில்லை.

குறுவை அறுப்பு தொடங்கிய நேரத்தில் சேரன் வீட்டுக்கே வந்தான். காப்பி ஆறும்வரை டம்ளரை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “அம்மா, கதையில நீங்க மகன்கிட்ட துபாய்க்குப் போறாப்புல எழுதலாம்னு இருக்கேன்” என்றான்.

“எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லியே தம்பி” என்றாள் ஹஃப்ஸா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சேரன் தலையைக் குனிந்துகொண்டான். “உங்களைக் குத்தம் சொல்லலம்மா. உலகம் பூரா இப்படித்தான் ஆவுதாம். ஏதோ ஒரு பெரிய வீடியோ கேம்ல எல்லா நாட்டு ஆளையும் சேர்த்தாங்களாம், அதனாலயே படுத்துருச்சாம். ஒருத்தர் வீடியோவுல வெளக்கமா சொன்னாரு.”

“அந்த கேம் நீ ஆடிப் பாத்தியா?”

“இல்லம்மா.”

“அவராச்சும் ஆடுனாராமா?”

சேரனுக்கு அது தெரியவில்லை.

“இங்க பாரு தம்பி, இத்தினி வாரத்துல நான் ஒரு தப்பாவது பண்ணியிருக்கேனா? தப்பே பண்ணாதவளை எவன் பாப்பான்? என் வீட்டுக்காரரே பாக்க மாட்டாரு. போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கெட்ட குணம் குடு.”

கடை சாத்திவிட்டு அப்போதுதான் வந்த மீரா உசேன் வாசலிலேயே நின்றுவிட்டார். “பாய் வீட்டுப் பொம்பளையைக் கெட்டவளா காட்டுனா ஜமாஅத்துல நாந்தானே பதில் சொல்லணும்?” என்றார். நாளைக்கே எவனாவது வழக்குப் போடுவான் என்று சேரனும் நடுங்கினான்.

“பெரிய கெட்டதெல்லாம் வேணாம்ங்க. இரவல் வாங்குன சாமானைத் திருப்பிக் குடுக்காம இருக்கேன். அம்சத்தோட இட்லிப் பானையை வாங்கி, அதுல என் பேரை வெட்டிப்புடுறேன்.”

மீரா உசேனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவருடைய அக்காவே அப்படி ஒரு அண்டாவை அமுக்கியது நினைவுக்கு வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

படப்பிடிப்பு அன்று சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அம்சத்துக்கு வையவே வரவில்லை. டெல்டாவையே வைது சிரிக்கவைத்தவள், ஹஃப்ஸா முன்னால் நின்று, “பாயம்மா, என் பானையைக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா நல்லது” என்று குழைந்தாள்.

“திட்டுக்கா!” என்று கத்தினான் சேரன்.

“எப்படிடா திட்டுறது? தாயா புள்ளையா பழகுற ஜனம்.”

“ஏன், உங்க வீட்ல தாயும் புள்ளையும் சண்டையே போட்டதில்லியா?” என்றாள் ஹஃப்ஸா.

ஹஃப்ஸா முக்காடு விலகாமல் முந்தானை நுனியை இடுப்பில் செருகினாள். இல்லாத கரண்டியைக் கையில் பிடித்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, “தட்டைக் கழுவிட்டு வாடா, கழுவிட்டு வா” என்று சத்துணவுக்கூடத்து அம்சத்தை அப்படியே இறக்கிவைத்தாள். சுற்றி நின்றவர்கள் குபீரென்று சிரித்தார்கள். அம்சத்தின் முகம் சிவந்தது.

“அடி களவாணி! என் பானையையும் எடுத்துக்கிட்டு, என்னையே நக்கல் பண்றியா? எங்கப்பன் சீர் குடுத்த பானைடி அது!”

“உங்கப்பன் குடுத்தாரா? அப்ப இதுல ஏன் என் பேரு இருக்கு? உங்கப்பன் எனக்குக் குடுத்தாரோ என்னவோ!”

பிறகு நடந்ததை எவனும் எழுதிக்கொடுக்கவில்லை. சேரன் நிறுத்தச் சொல்லவும் மறந்துபோனான். சண்டை ஓய்ந்ததும் மூச்சிரைக்க அம்சம் சாக்கில் விழுந்தாள். ஹஃப்ஸாவின் கையைப் பிடித்திழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் தொடரைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை கூடியதுதான். ஆனால் ஹஃப்ஸாவாலா, மழை வந்து அறுப்பு நின்று ஜனம் வீட்டில் கிடந்ததாலா என்று சேரனுக்குப் பிடிபடவில்லை. எது ஓடும், எது படுக்கும் என்பதையெல்லாம் பிடித்துவைத்திருப்பதாகப் பேசுகிறவர்கள் வாயால்தான் பிடித்திருக்கிறார்கள். எதற்கு உள்ளே விட்டாய் என்ற கூட்டமும் ஓயவில்லை. துபாயா இல்லையா என்று யோசித்துச் சொல்வதாக அவன் இழுத்தடித்தான். ஹஃப்ஸாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி ஒரு காலையில் அவளும் மீரா உசேனும் தஞ்சாவூர் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார்கள். பசுபதிகோயில் நிறுத்தத்தில் சேரனிடமிருந்து போன் வந்தது. “அம்மா, மனசு கஷ்டப்படாதீங்க, துபாய்க்கே அனுப்பிடலாம்னு...” என்று அவன் தொடங்கினான். அதே நேரத்தில், கீரைக்கூடையோடு ஏறிய ஒருத்தி ஹஃப்ஸாவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

“ஏய், இவதான்டி அந்தப் பானைக் களவாணி! ஏண்டி, நல்லா இருப்பியா நீ? பேரை வெட்டுனா ஒன்னோடதாயிருமா?”

பேருந்தே திரும்பிப் பார்த்தது. மீரா உசேன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போனில் சேரன் பதறினான். “என்னம்மா சத்தம்? யாராச்சும் பிரச்சனை பண்றாங்களா?”

“என்னை துபாய்க்கு அனுப்பப் போறாங்களாம்” என்றாள் ஹஃப்ஸா, கீரைக்காரியைப் பார்த்து.

கீரைக்காரி கூடையை அவள் மடியிலேயே இறக்கிவைத்தாள். போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

“யாருப்பா அது? இவளை எங்கயும் அனுப்பக் கூடாது, சொல்லிட்டேன். அந்தப் பானையை வெக்காம இவ எப்படி நம்ம தெருவை விட்டுப் போவா?”

“இல்லக்கா, அனுப்பல” என்று சேரன் சொன்னது பக்கத்து இருக்கைவரை கேட்டது. ஹஃப்ஸா மடியிலிருந்த கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். நடுவில் தலையை நிமிர்த்தி, “பானையைக் குடுக்க மாட்டேன்டி” என்றாள்.