அழுத்தியபின் பிரிந்த இரண்டு கோடுகள்

சேலத்தில் ஒரு ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு நான் வேலை செய்துகொண்டிருந்தேன். பரமத்தி வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். உடன் இருந்தவர் சேந்தமங்கலத்துக்காரர், என்னைவிட இளையவர். இரும்பு கலந்த மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்) படிகங்களை உலையில் வளர்ப்பது அவர் வேலை. அவற்றின் மின்தடையை அளப்பது என் வேலை.

இந்தப் படிகத்தைக் குளிர்வித்தால் உள்ளே சதுரமாக இருக்கும் அணு அடுக்கு லேசாக நீண்டு செவ்வகமாகிவிடும். அதன்பின் நீளவாக்கில் ஒரு மின்தடையும் குறுக்கே வேறொன்றும் இருக்க வேண்டும். நான் அளந்தபோது இரண்டும் ஒன்றாகவே வந்தன. படிகத்தின் ஒரு பகுதி ஒரு பக்கமாகவும் அடுத்த பகுதி அதற்குக் குறுக்காகவும் நீண்டு, வித்தியாசத்தை மறைத்துவிடுகின்றன. எல்லாம் ஒரே பக்கம் நீள, படிகத்தை ஒரு சிறு பிடிப்பானில் வைத்து, திருகாணியால் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்தபடி குளிர்விக்க வேண்டும்.

அவருக்கு அதில் இஷ்டமில்லை.

“ஏனுங்கக்கா, அது அப்பளமாட்ட இருக்குதுங்க. ஒடஞ்சு போயிருமுங்க.”

“மெதுவாத்தானுங்க திருகுவேன்.”

மெதுவாகத்தான் திருகினேன். படிகம் இரண்டாகிவிட்டது. அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் அவரே இன்னொரு படிகத்தோடு வந்தார். “இதைய நானே திருகறனுங்க,” என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். உடையவில்லை. திரவ நைட்ரஜனால் குளிர்வித்து அழுத்திய திசையில் அளந்தோம். மறுநாள் கம்பிகளை மாற்றி ஒட்டி, குறுக்கே அளந்தோம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டபோது, சேர்ந்தே வந்த கோடுகள் குளிர் ஏற ஏறப் பிரிந்தன. அழுத்திய திசையில்தான் மின்தடை அதிகம்.

“அந்தப் பக்கம் அணுவெல்லாம் கிட்டக்கிட்ட இருக்குதுங்களே, கம்மியாத்தான வரோணும்? ஒயரு மாறிப்போச்சுங்களா?” என்றார்.

இப்படித்தான் வரும் என்று கட்டுரைகளில் இருவரும் படித்திருந்தோம். இருந்தாலும் எனக்கும் சந்தேகம். எல்லாவற்றையும் பிரித்து, திரும்ப ஒட்டி அளந்தோம். அப்படியேதான் வந்தது. அவர் சிரித்துவிட்டார்.

“அக்கா, படம் ஒண்ணு பிரிண்ட் போட்டுக் குடுங்க. ஊட்ல காட்டோணும்.”

அடுத்த நாள் விசாரித்தேன். அவருடைய அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரெண்டு கோடுதானா சாமி?” என்று கேட்டாராம்.

“ஆமாங்கம்மான்னு சொல்லிட்டனுங்க,” என்றபடி உலையைத் திறக்கப் போனார்.