வானூரில் பெய்யும் மழை

ஆண்டாளுக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம் என்று மரக்காணத்தில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் ஆனி மாதத்தில் ஒரு நாள் உப்பளத்தில் வந்து நிற்கட்டும். அப்புறம் பேசலாம்.

ஐம்பதைத் தாண்டியவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரே அளத்தில் வேலை. மடை அவள் பொறுப்பு. பாத்தியில் உப்புப் பூத்துவரும் நேரத்தில் மழை விழுந்தால் அத்தனையும் கரைந்துவிடும். அதனால் மழை வரும் என்று தெரிந்தால் மடையைத் திறந்து, உப்பு முற்றிய தண்ணீரை ஓரத்துப் பள்ளத்தில் இறக்கிக் காப்பாற்ற வேண்டும். சும்மா திறந்தாலும் கேடுதான். தண்ணீரை மறுபடி ஏற்றி உப்புப் பூக்கப் பல நாளாகும். அதுவரை உப்பு வாருகிற பெண்களுக்கு வேலை கிடையாது.

அளத்தின் முதலாளி தட்சணாமூர்த்தி இருப்பது கடலை விட்டு உள்ளே தள்ளி, வானூரில். அவர் வீட்டு மாடியில் நாலு தூறல் விழுந்தால் போதும், மடையைத் திற என்று இங்கே போன் வரும். இங்கே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். டிவிக்காரர்கள் மாவட்டத்துக்கு மழை என்கிறார்கள். மாவட்டம் என்ன, ஒரே கூரையா?

விஷயம் இதுதான். ஆனியில் விடிந்ததிலிருந்து மேற்கே இருந்து அனல்காற்று அடிக்கும். எதிர்ப்பக்கமிருந்து கடல்காற்று கிளம்பும். இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில் மேகம் கட்டும். கடல்காற்று உச்சிவெயிலுக்கு முன்பே வந்துவிட்டால், அந்த முட்டலை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். கிளியனூரிலும் வானூரிலும் கொட்டும், இங்கே சொட்டு விழாது. கடல்காற்று சுணங்கினால் மேல்காற்றின் கை ஓங்கும். உள்ளே கட்டிய மேகம் அளத்தின் தலைமேல் வந்து உடையும். இது ரகசியமில்லை, அளத்தில் எல்லாருக்கும் தெரியும். வானூர் மாடிக்குத்தான் தெரியாது.

சித்திரையில் அவர் பேச்சைக் கேட்டு வீணாக மடையைத் திறந்தார்கள். ஒரு தடவை அல்ல, பல தடவை. பிறகு விளைச்சல் குறைந்ததற்குப் பெண்களைச் சோம்பேறிகள் என்றார். ஆண்டாள் பஸ் ஏறி வானூருக்கே போய்விட்டாள். அவர் வீட்டு வாசலில், தெருவே வேடிக்கை பார்க்க, வாங்கு வாங்கென்று வாங்கினாள். மானம் போகிறதே என்று அவர் இறங்கிவந்தார்.

“சரிம்மா, இனிமே நீயே முடிவு பண்ணு. ஒரு தடவ தப்புச்சின்னா வரப்புல கால் வைக்கக் கூடாது.”

“வைக்க மாட்டேன்,” என்றாள்.

ஆனியில் அந்த நாள் வந்தது. வெயில் உச்சியைத் தாண்டியும் கடல்காற்று வரவில்லை. பாத்தி முழுக்க உப்பு, மறுநாள் வாரலாம். கூட வேலை செய்யும் சங்கீதா, “அக்கா, காத்து இன்னும் திரும்பல,” என்றாள். ஆண்டாளுக்கும் தெரியும். மடைப் பலகையில் கை வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தானா போன் அடிக்க வேண்டும்!

வானூரில் மழை கொட்டுகிறதாம். உடனே திறக்க வேண்டுமாம்.

அவள் கையை எடுத்துவிட்டாள். அவர் சொல்லித் திறந்ததாக ஆகிவிடுமே என்று ஒரே ஆத்திரம். திறக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மேற்கே புழுதி எழும்பியது, அப்போதும் நின்றாள். பிறகு மழை இறங்கியது. அத்தனை பெண்களின் உழைப்பும் கண்ணெதிரே கரைந்தது.

மறுநாள் தட்சணாமூர்த்தி வந்தார். உப்புப் போனவர் முகத்தில் ஒரு சந்தோஷம். பார்த்தவர்களுக்கு இன்றைக்கும் வயிறு எரிவது அதை நினைத்துத்தான்.

“நான் சொன்னேன்ல?” என்றார்.

“நீங்க சொன்னதால மழ வர்ல மொதலாளி. கடல்காத்து வராததால வந்துச்சு. உங்க மேல இருந்த கோவத்துல நான் காத்தப் பாக்காம வுட்டுட்டேன். அதுக்குத்தான் போறேன்.”

சொன்னபடி போய்விட்டாள். கிடைத்த நாளில் கிளியனூர்ப் பக்கம் களை எடுக்கப் போனாள். மடை சங்கீதாவின் கைக்கும், முடிவு வானூர் மாடிக்கும் போயின.

ஆடியில் ஒரு நாள், களை வேலை இல்லை என்று தெரிந்து, பஸ்ஸுக்குப் போன வழியிலேயே அளத்து ரோட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். உச்சிக்கு வெகுநேரம் முன்பே கடல்காற்று வந்து, அவள் முந்தானையை மேற்கே இழுத்தது. ரோட்டிலிருந்து பார்த்தால், போனைக் காதில் வைத்தபடி சங்கீதா மடையைத் திறக்கக் குனிகிறாள். பாத்தி எல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்துக்கிடக்கிறது.

கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவள் அந்த வரப்பில் ஓடினாள். பலகையைப் பிடித்து அழுத்தி, சங்கீதாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“மொதலாளி, ஆண்டாளு பேசறேன். உங்க ஊர்ல மழ பெஞ்சா நீங்க கொட புடிங்க. இங்க கடல்காத்து வந்துடுச்சு.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மடைப் பலகையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை, ஒரு சொட்டும் விழவில்லை. மறுநாள் பெண்கள் உப்பு வாரினார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள் கிளியனூர் பஸ்ஸில் ஏறினாள்.