கலர் மாஸ்டரின் ஊதா விளக்கு

பெயின்ட் கடையில் அவருக்குக் கலர் மாஸ்டர் என்று பேர். வெள்ளையில் மட்டும் நாற்பது வெள்ளை பிரித்துச் சொல்லுவார். யார் வந்தாலும், "கடைக்குள்ள பாத்து ஏமாறாதீங்க, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்க. விளக்கு பொய் சொல்லும்" என்பார். இருபது வருடமாக இதையே கேட்டு முதலாளிக்குக் காது புளித்துப்போயிருந்தது. சரி, அப்பேர்ப்பட்ட மனுஷர் வீட்டில் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அவருடைய அக்கா, மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் வெளியூர் போனாள். போகும்போது ஒரு குரோட்டன்ஸ் தொட்டியைத் தம்பியிடம் ஒப்படைத்தாள். காலமாகிவிட்ட அத்தான் வாங்கிவந்து வைத்த செடி. "வாரத்துக்கு ரெண்டு தடவை தண்ணி ஊத்து. அதுக்கு மேல வேண்டாம்டா" என்று படித்துப் படித்துச் சொன்னாள். தம்பிக்குப் பாசம் பொங்கிவிட்டது; காலையும் மாலையும் ஊற்றினார். ஒரே மாதத்தில் வேர் அழுகிச் செடி சாய்ந்தது.

அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? நர்சரியில் அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். மனசு கேட்கவில்லை. நுனியில் உயிர் மிச்சமிருந்த நாலு தண்டுகளை வெட்டித் தண்ணீர் டம்ளர்களில் வைத்தார். அவர் வீட்டுக்குள் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. விளக்குக் கடைக்காரர் ஊதாவாக எரியும் ஒன்றை நீட்டி, "செடிக்குன்னே செஞ்சது சார்" என்றார். பக்கத்திலேயே வெள்ளை விளக்கும் இருந்தது. நம்மவர் அதைச் சட்டைகூடச் செய்யவில்லை.

படுக்கையறையே ஊதாவாகிவிட்டது. "வீட்லயே சினிமா எடுக்கறீங்களா சார்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தார். இவரோ தினமும் டம்ளர்களுக்கு முன்னால் உட்கார்ந்து, "பாரு, இலையெல்லாம் எப்படிக் கருகருன்னு இருக்கு!" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார். அந்த வெளிச்சத்தில் காய்ந்த சருகும் கருகருவென்றுதான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து, மேஜையைத் துடைப்பதற்காக டம்ளர்களை வாசலில் கொண்டுபோய் வைத்தாள் மனைவி. அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"கலர் மாஸ்டர் சார், கொஞ்சம் வாசலுக்கு வந்து பாக்கறீங்களா?"

மூன்று தண்டுகள் வெளிறி, அடி கொழகொழத்துப் போயிருந்தன. நாலாவதும் அதே வழியில் கிளம்பியிருந்தது.

"ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் மிஞ்சிய தண்டின் அழுகிய அடியை நறுக்கி, புதுத் தண்ணீரில் வைத்து, அந்த வெள்ளை விளக்கை வாங்கிவந்து ஒரு முழம் தள்ளி மாட்டினார். அப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். ஐந்தாவது வாரம் நூல் போல மூன்று வேர் விட்டது. மனுஷர் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

அக்கா வந்ததும் தன் தொட்டியைத்தான் தேடினாள். அவர் சின்னத் தொட்டி ஒன்றில் மூன்றே இலையோடு நின்ற குச்சியைக் கொண்டுவந்து நீட்டி, நடந்ததையெல்லாம் சொன்னார்.

"அத்தான் வச்ச செடியைக் கொன்னுட்டேன்க்கா."

அக்கா அந்த இலைகளைத் தடவிப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அவர் கொண்டுவந்தப்பவும் இவ்வளவுதான்டா இருந்துச்சு. இந்தக் குச்சியை வாங்கிட்டு வரவா இவ்வளவு நேரம்னு அன்னிக்கு அவரைத் திட்டிட்டேன். இன்னிக்குத் திட்ட மாட்டேன், கொடு."