இரண்டு வரியோடு நின்ற பாட்டு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இரத்தினபுரிக்கு டிக்கட் எடுத்துவிட்டுக் குருவிட்டவிலேயே இறங்கிவிட்டேன். இரத்தினபுரியில் பஸ் மாறிக் கஹவத்தைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்குப் போக வேண்டியவள். "மிஸ், உங்க எடம் இன்னும் வரல்ல" என்று கொண்டக்டர் சிங்களத்தில் கத்தியது கேட்டது. காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கைப்பையில் அப்பாவுக்கு வாங்கிய மாத்திரையும் ஒரு டப்பா கெரம் பவுடரும் இருந்தன. ரோட்டைக் கடந்து எதிரே வந்த பஸ்ஸில் ஏறிக் கேகாலைக்கே திரும்பிவிட்டேன்.

அன்று அப்பாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று புறப்பட்டிருந்தேன். இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருக்கும் விஷயம். அவருடைய இருதயம் பலவீனமாகிவிட்டது என்று டொக்டர் சொன்ன பிறகு, இனியும் தள்ளிப்போட்டால் நீ மனுஷியே இல்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் இப்போது கேகாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் சின்னப் பொய் சொன்னாலும் வெளியே நிற்க வைக்கிற ஆள். ஊருக்குத்தான் உபதேசம்.

விஷயம் என் அண்ணனைப் பற்றியது. அண்ணனைப் பற்றிச் சொன்னால் கெரம் போட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அம்மா அப்போது வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருந்தாள். அவள் அனுப்பிய கெசட் செட் ஒன்று, தோட்டத்து வரிசை வீடுகளில் ஓர் அறையான எங்கள் லயக் காம்பராவில் இருந்தது. பக்கத்துக் காம்பரா அண்ணன் தம்பி இரண்டு பேரிடம் கெரம் போட் இருந்தது. பாட்டு எங்களிடம், போட் அவர்களிடம். அதனால் ஆட்டம் எங்கள் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் நடந்தது. நாலு பேர் வேண்டுமே, லயத்தில் வேறு ஆள் கிடைக்காத நாளில் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணனுக்குப் பதினேழு. ஒரு மாதத்தில் என்னை எழுப்பிவிட எவனாலும் முடியவில்லை. ஓரத்தில் மோதி எந்தக் கோணத்தில் திரும்பும் என்று எனக்குப் பார்த்தாலே தெரியும். கணக்கு டீச்சரானது பல்கலைக்கழகத்தில் இல்லை, அந்த இஸ்தோப்பில்தான்.

சோடியாக ஆடும்போது எதிரும் புதிருமாக உட்காருவோம். சோடிக்குச் சைகை காட்டக் கூடாது, வாய் திறந்து சொல்லவும் கூடாது. நாங்கள் ரெண்டு பேரும் சுத்தமான கள்ளர்கள். வாயைத் திறக்காமல் பாட்டை முணுமுணுப்போம். ஒரு குத்துப்பாட்டு இருந்தது; அதை அண்ணன் முணுமுணுத்தால், ராணியை அடி என்று அர்த்தம். இன்னொன்று மெதுவான சோகப்பாட்டு. அது வந்தால், கையை வைக்காதே, விட்டுவிடு.

அந்தச் சோகப்பாட்டை ரேடியோவிலிருந்து கெசட்டில் பிடித்தோம். இரண்டு வரி முடிந்ததும் அறிவிப்பாளர் குறுக்கே புகுந்து நேரம் சொல்லுவார், அதோடு நாடாவும் தீர்ந்துவிடும். மூன்றாவது வரி எங்களுக்குத் தெரியாது. அந்த இரண்டு வரியையே தேயத் தேயப் போட்டுக் கேட்டோம். "இந்தப் பாட்டுல மிச்சம் இருக்கிறத நீ கல்யாணம் முடிச்சுப் போற எடத்துல கேட்டுக்க" என்று அண்ணன் கேலி பண்ணுவான்.

பதினாலு வயதில் நான் பெரியவளானேன். காம்பராவின் ஒரு மூலையில் சேலையைத் திரையாகக் கட்டி, பக்கத்தில் உலக்கையும் வேப்பிலையும் வைத்து என்னை உட்கார வைத்தார்கள். பதினாறு நாள். வெளியே இஸ்தோப்பில் ஆட்டம் நடந்தது. என் இடத்தில் கடைசி வீட்டுப் பையன். பலகையில் காய் படுகிற சத்தத்திலேயே யார் அடிக்கிறார்கள், விழுந்ததா விழவில்லையா என்று எனக்குத் தெரியும். அவன் ஒரு லேசான காயை விட்ட சத்தம் கேட்டு உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். அண்ணன் வேண்டுமென்றே சத்தமாகக் குத்துப்பாட்டைப் பாடுவான். எனக்காகத்தான் பாடுகிறான் என்று தெரிந்து அழுவேன்.

பதினாறு முடிந்து வெளியே வந்து நேராக என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்தவர், வாளியைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"எந்திரி. இனி ஆம்பளப் பசங்களோட ஒக்காந்து ஆடுற வேல வேணாம்."

"அவ ஏஞ் சோடிப்பா" என்றான் அண்ணன்.

"நாளைக்கு ஊரு பேசினா நீயா வந்து பதில் சொல்லுவ?"

அப்பா கெட்டவர் இல்லை. அம்மா இல்லாத வீட்டில் வயதுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு பயந்துபோயிருந்தார். இது இப்போது புரிகிறது. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அண்ணன் அன்றைக்கே சொன்னான்: "நமக்கே நமக்குன்னு ஒரு போட் வாங்குறேன் புள்ள. காம்பராக்குள்ள போட்டு ஆடுவோம். அப்ப யாரு கேக்கிறது?"

அப்படிச் சொன்னவன் ஒரு வருடம் கழித்து இரத்தினபுரியில் ஹார்ட்வெயார் கடையில் வேலை கிடைத்திருப்பதாக அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனான். போனது கடைக்கு இல்லை. குருவிட்டப் பக்கம் மாணிக்கக் குழிக்கு. எனக்கு மட்டும் சொன்னான். அப்பாவின் தம்பி ஒருவர் முன்பு குழி சரிந்து செத்தவர். அதனால் குழிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று அம்மாவின் போட்டோவில் அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருந்தார் அப்பா.

"பெரிய கல்லு கெடைச்சா வீடு. சின்னக் கல்லு கெடைச்சா கெரம் போட்" என்றான். "நீ வாயத் தொறக்காத, அது போதும்."

நான் ஏன் திறக்கப் போகிறேன்? சோடியைக் காட்டிக்கொடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அதோடு, எனக்குப் போட் வேண்டும். உண்மை அதுதான், அதை எழுதாமல் விட்டால் இந்தக் கதையே பொய்.

ஒரு சனிக்கிழமை காய்ச்சலோடு வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது. கெண்டைக்கால் வலியில் படுக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தோம். திங்கட்கிழமை காலையில் அப்பாவும் நானும் அவனைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனோம். அப்பா வெளியே கங்காணியிடம் லீவு சொல்லிக்கொண்டு நின்றார். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான்.

டிஸ்பென்சர் ஐயா நல்ல மனுஷன். கண்ணை விரித்துப் பார்த்தார், காலை அமுக்கினார். "வயல்ல, சேத்துத் தண்ணியில, குழியில எங்கயாச்சும் எறங்கினியா தம்பி?"

"இல்லீங்க ஐயா. கடையிலதான் வேல."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

அண்ணன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். உதடு லேசாக அசைந்தது. அந்தச் சோகப்பாட்டின் இரண்டு வரி. கையை வைக்காதே, விட்டுவிடு.

"ஆமாங்க ஐயா" என்றேன்.

இந்த இரண்டு சொல்லைத்தான் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பனடோல் கொடுத்து, குறையாவிட்டால் வரச் சொல்லி அனுப்பினார். புதன்கிழமை அண்ணனின் கண் மஞ்சளாகிவிட்டது, மூத்திரம் போகவில்லை. தோட்டத்து லொறியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சேற்றுத் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு வருகிற எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமை விடியுமுன் அவனும் போய்விட்டான். முதல் நாளே மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று நான் பிறகு ஒரு டொக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?

எங்கள் பக்கம் சாவு வீட்டில் பிணத்தோடு விழித்திருக்க வேண்டும். கண் அயராமலிருக்க ஆண்கள் சீட்டு விளையாடுவார்கள், கெரம் ஆடுவார்கள். யாராவது போட்டைத் தூக்கிக்கொண்டு வருவது வழக்கம். எங்கள் வீட்டுக்கும் ஒரு போட் வந்தது. நகக்கண்ணெல்லாம் மண்ணாக மூன்று சிங்கள ஆட்கள், பேப்பர் சுற்றிக் கயிறு கட்டிய பலகையோடு வந்து இஸ்தோப்பில் நின்றார்கள். சாவு வீட்டுக்குத்தான் கொண்டுவருகிறார்கள் என்று நினைத்து எங்கள் ஆட்கள் கயிற்றை அறுத்து, பேப்பரைக் கிழித்து, பவுடர் போட்டு ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

நான் உள்ளே அண்ணன் தலைமாட்டில் பெண்களோடு இருந்தேன். கெசட் செட்டின் மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. முதல் அடி விழுந்ததுமே தெரிந்தது, புதுப் பலகை. பக்கத்துக் காம்பரா போட் ஈரத்தில் ஊறி மந்தமாகச் சத்தம் போடும். இது கணீரென்று போட்டது. யார் போட்டாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே அந்த மூவரில் ஒருவர் அப்பாவிடம் சிங்களத்தில் சொல்வது கேட்டது. "எங்களோடு குழியில் இருந்த தம்பி, நங்கிக்கு என்று வாங்கிவைத்தது, அதைக் கொடுக்கத்தான் வந்தோம்."

நங்கி என்றால் தங்கை. அது நான்தான். என் போட்டில் அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய் நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒப்பாரிக்கு நடுவிலும் என் காது ஒவ்வொரு காயாக எண்ணிக்கொண்டிருந்தது. அந்தக் காதை அறுத்துப் போட்டால் என்ன என்று தோன்றியது.

குழி என்ற சொல்லைக் கேட்டு அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அப்பா அந்தப் போட்டைக் காம்பராவுக்குள் கொண்டுவந்து ஸ்டூலின் மேல் வைத்தார். அண்ணன் பக்கம் அவர் உட்கார்ந்தார். "வா, ஒக்காரு பாப்பா" என்றார். என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அப்பாவுக்கு ஆடத் தெரியாது, ஸ்ட்ரைக்கரை விரலால் தள்ளுவார். காயை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "சொன்னா அடிப்பேன்னு பயந்துட்டான். ஏம் பயத்துக்குத்தான் அவன் செத்தான். நான்தான் கொன்னேன்."

இல்லைப்பா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். நான் ஊமையாக இருந்து அப்பாவைக் கெடுத்தேன். அம்மா திரும்பி வந்து, சில வருடம் இருந்து, அவளும் போய்ச் சேர்ந்தாள். அவளிடமும் சொல்லவில்லை. நான் போகும்போதெல்லாம் அப்பா போட்டை எடுத்து வைக்கிறார். காயை அடுக்கும்போது தவறாமல் அதையே சொல்கிறார். நான் ராணியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் வார்த்தைகளைக் கூட அடுக்கிவைத்திருந்தேன். "அப்பா, எனக்குத் தெரியும். டிஸ்பென்சர் ஐயா கேட்டப்ப நான்தான் பொய் சொன்னேன்." அவ்வளவுதான். குருவிட்டவை நெருங்கும்போது டிரைவர் பாட்டை மாற்றினான். அந்தச் சோகப்பாட்டு. முதல் வரி, இரண்டாவது வரி. அறிவிப்பாளர் வரவில்லை, பாட்டு மேலே போகப் பார்த்தது. மூன்றாவது வரி வருவதற்குள் மணியை அடித்து இறங்கிவிட்டேன். அண்ணன் சொன்னால் கேட்கிற பழக்கம் இத்தனை வயதுக்கும் போகவில்லை.

மாலையில் அப்பா போன் பண்ணினார்.

"ஏம்மா வரல?"

"பஸ் கெடைக்கலப்பா."

"அதுக்கென்ன, அடுத்த கெழம வா" என்றார். "காயெல்லாம் அடுக்கி வச்சிருக்கேன். கலைக்க மாட்டேன்."