நாற்பது செல்விகள்

எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று போன வாரம் இரண்டு பேர் வந்து ஃபைபர் ஒட்டினார்கள். ரெசின் பசையின் வாசனை படிக்கட்டு வழியாக எங்கள் தளம்வரை இறங்கியது. உங்களுக்கு அந்த வாசனை தெரியுமோ என்னவோ. நெயில் பாலிஷையும் அழுகத் தொடங்கிய பழத்தையும் சேர்த்துக் குழைத்த மாதிரி இருக்கும். எதிர்வீட்டு ஐடி தம்பதி ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டார்கள். தலை நரைத்த நான் மட்டும் மாடிக்கு ஏறிப்போய், மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன்.

சென்னையை ஒட்டிய பாடியில், லாரிகள் திரும்ப முடியாமல் திணறும் ஒரு சந்துக்குள் தனபால் அண்ணனின் ஷெட் இருந்தது. அங்கேதான் என் முதல் வேலை. ஃபைபரில் பஸ் சீட் வார்ப்போம். நான் வரைபடம் போடுகிறவன். உட்காருகிற மனுஷனுக்கு ஒரு குழி, சாய்கிற முதுகுக்கு ஒரு வளைவு, அவ்வளவுதான் எங்கள் கலை. ஆனாலும் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு பெரிய மேதை மாதிரி திரிவேன்.

ஒரு நாள் பஸ் சீட் ஆர்டர் நின்றுபோனது. பெரிய கம்பெனி ஒன்று மெஷினில் அடித்துத் தர ஆரம்பித்துவிட்டது. ஷெட்டில் பதினோரு பேர் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் துணிக்கடைகளுக்கு உள்ளலங்காரம் வடிவமைக்கிற ஒரு மேடம் நகரத்திலிருந்து வந்தார். கடை பொம்மைகள் செய்து தர முடியுமா என்று கேட்டார்.

"எல்லாக் கடையிலயும் அதே வெள்ளைக்காரி மூஞ்சிதான். பட்டுப்புடவை கட்டினா பாவமா இருக்கு. எனக்கு நம்ம ஊர் முகம் வேணும்" என்றவர், மூலையில் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து அப்படியே நின்றார். "இந்த முகம்" என்றார்.

அது செல்வி. வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். அவள் அம்மா நாற்று நட்ட வயல்களெல்லாம் பிளாட்டாகிவிட்டதால் எங்களிடம் வேலைக்கு வந்தவள். நீ அழகு என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை போலிருக்கிறது. "இன்னா மேடம், கலாய்க்கிறீங்களா?" என்று முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுவாரம் அவளை மேஜைமேல் படுக்கவைத்தோம். புருவத்தில் வாஸ்லின் தடவி, மூக்கில் இரண்டு உறிஞ்சுகுழல்களைச் செருகி, முகம் முழுக்க பிளாஸ்டர் மாவைப் பூசினோம். அது இறுகும்வரை அசையக் கூடாது. எடுத்ததும் செல்வி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்: "உள்ள ஒரே இருட்டு சார். என் மூச்சு எனக்கே கேட்டுச்சு. அப்பால, கூட இன்னொருத்தி மூச்சு வுடற மாதிரியும் கேட்டுச்சு."

அச்சில் வந்த முகத்துக்குக் கண் மூடியிருந்தது. கடையில் நிறுத்தினால் பிணம் மாதிரி இருக்கும் என்று மேடம் சொல்ல, களிமண்ணில் கண் திறக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பஸ் சீட் வரைந்த கை அல்லவா! மூன்று நாள் செதுக்கினேன். கடைசியில் வந்த பார்வை உங்களைப் பார்க்காது. உங்கள் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கும் யாரையோ பார்க்கும். மேடத்துக்கு அதுதான் பிடித்தது. நாற்பது பொம்மைகள் கேட்டார். அந்த முகத்துக்கு ஃபைபரில் அச்சு எடுத்தோம்.

வார்த்த முகத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவது செல்வியின் வேலை. தன் கன்னத்தை, தன் மூக்கை, தன் உதட்டை நாள் முழுக்க அவளே தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத்தூள் அவள் முகத்திலும் படிந்துவிடும். வரிசையாக நிற்கும் வெள்ளை முகங்களில் திடீரென்று ஒன்று கண் சிமிட்டும். பார்த்தால் அது செல்வி. "என்னியே பாத்துகினு கீது" என்று முடிந்தவற்றைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவாள். காலையில் ஷட்டரைத் தூக்கினால் ஒன்றிரண்டு எங்கள் பக்கம் திரும்பியிருக்கும். காற்றுக்குத் திரும்பியிருக்கும் என்று சொல்லிக்கொண்டோம். ஷட்டரை இறக்கினால் அந்த ஷெட்டுக்குள் காற்று வர வழியே இல்லை.

இருபத்தாறு பொம்மைகள் முடிந்திருந்தன. ஒரு திங்கட்கிழமை செல்வி துப்பட்டாவால் முகத்தைப் போர்த்தியபடி வந்தாள். அதை விலக்கிக் காட்டினாள். முகத்தின் இடப்பக்கம் முழுவதும் தொங்கிவிட்டது. கண் மூட வரவில்லை. உதட்டோரம் எச்சில் வழிந்தது. முகவாதம், மாத்திரை சாப்பிட்டால் சில வாரங்களில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். நாங்கள் எல்லோரும் பொம்மைகளைப் பார்த்தோம்.

"என் மூஞ்ச என்கிட்டயே குட்த்துடு மொதலாளி" என்றாள் குழறலாக. "அந்த அச்ச ஒடச்சிடு."

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் பதினாலுதாம்மா. முடிஞ்சதும் உன் கையாலயே ஒட. இப்ப நிறுத்துனா ஷெட்ட மூட வேண்டியதுதான்."

நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. கண்ணைத் திறந்தவன் இவன்தானே என்று யாராவது என் பக்கம் கை நீட்டிவிடுவார்களோ என்று பயம். செல்வி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். "அப்ப நானே தேய்க்கிறேன். வேற யாரும் அத்த தொட வேணாம்" என்றாள்.

தொங்கிய முகத்தோடு, தன் நல்ல முகத்தைப் பதினான்கு முறை தேய்த்தாள். ஷெட்டில் ரேடியோகூடப் போடவில்லை நாங்கள்.

கடைசி பொம்மை வண்டி ஏறிய அன்று மத்தியானம் அண்ணன் அவளிடம் சுத்தியலைக் கொடுத்தார். ஃபைபர் அச்சு லேசில் உடையவில்லை. நார் நாராகக் கிழிந்தது. முதலில் எடுத்த பிளாஸ்டர் முகமும் நொறுங்கியது. அதற்குள் புருவமயிர் மூன்று நான்கு ஒட்டியிருந்தது. அவற்றைப் பொறுக்கித் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டாள். அந்த வாரமே அவளுடைய இடக்கண் மூடித் திறக்க ஆரம்பித்தது. டாக்டர் சொன்ன கெடுவும் அதுதான். நானும் அப்படித்தான் நம்புகிறேன், பகல் வேளைகளில்.

அதன்பிறகு வார்த்த பொம்மைகளுக்கு அண்ணன் முகமே வைக்கவில்லை. முட்டை மாதிரி வழவழவென்று விட்டார். இதுதான் புது டிசைன் என்று மேடம் மெச்சினார். ஷெட் பிழைத்தது. செல்வி வேலையை விட்டுவிட்டாள்.

இப்போது அண்ணன் இல்லை. ஷெட் இருந்த இடம் ஒரு அடுக்ககத்தின் கார் நிறுத்தம். அந்தத் துணிக்கடைகளும் கண்ணாடி மாளிகைகளாகிவிட்டன. அங்கே நிற்கிற பொம்மைகளுக்குத் தலையே கிடையாது. சில வருஷங்களுக்கு முன் ஆவடி ஸ்டேஷனில் செல்வியைப் பார்த்தேன். என்னை அவள்தான் முதலில் அடையாளம் கண்டாள்.

"அதுங்கல்லாம் இப்ப எங்க சார் கீது?" என்றாள், நலம்கூட விசாரிக்காமல்.

"பழசாயிருக்கும். எங்கயாவது குப்பையில போட்டிருப்பாங்க."

"மண்ணுல போட்டா மக்கிடுமா?"

ஃபைபர் மக்காது. எனக்குத் தெரியும். அத்தனை நாள் அதைத் தேய்த்தவளுக்கும் தெரியும்.

"மக்கிடும்" என்றேன்.

ரயில் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். உதட்டின் இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டது.