இன்னிக்குச் சாமி யாரு?

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். இரண்டு மூன்று முறை பேனாவை எடுத்துவிட்டு மூடி வைத்தேன். ஒரு குடும்பத்துக்குள் என்னால் மனக்கசப்பு வந்துவிடக் கூடாதே என்ற பயம்தான். போன மாதம் அந்தக் குடும்பத்து ஆளே வீடு தேடி வந்து, "எழுதுங்கண்ணே, புதுசா வேலைக்கு வர்ற புள்ளைகளுக்கு ஆகும்ல" என்றார். அதன் பிறகே சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். மின்சார வேலையில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். அதிக காலம் கறம்பக்குடிப் பக்கம்தான்.

1. என்ன லைன்?

பெண் பார்க்கப் போன அன்றே இந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. பெண்ணின் அப்பா கேட்டார்: "மாப்பிள என்ன லைன்ல இருக்காரு?"

என் சித்தப்பா சொன்னார்: "லைன்லதான் இருக்காரு."

"அதாங்க, என்ன லைனு?"

"அட, லைனுதாங்க! கரண்டு லைனு!"

காபி கொண்டு வந்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். இன்றைக்கும் என் வீட்டில் விளக்கேற்றுவது அவள்தான்.

எங்கள் பக்கம் லைன் என்றால் எத்தனையோ. வட்டிக்காரர் வாரம் ஒருமுறை வசூலுக்குக் கிளம்பினால் "லைனுக்குப் போறேன்" என்பார். கந்தர்வக்கோட்டைக்கு எந்த வண்டி என்று கேட்டால் "அது வேற லைனு" என்பார்கள். ஒட்டினாற்போல் கட்டிய வாடகை வீடுகள் லைன் வீடு. ரேஷன் கடையில் லைனில் நிற்க வேண்டும். போனில் லைனிலேயே இருக்க வேண்டும். பையன் ஒரு பெண்ணைச் சுற்றினால் லைன் போடுகிறான். அவள் வீட்டில் சம்மதித்துவிட்டால் "லைன் கிளியர்." சொன்ன பேச்சைக் கேட்காதவன் ஒரு நாள் கேட்டுவிட்டால், "இப்பத்தான் லைனுக்கு வந்திருக்கான்."

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எங்கள் வேலையில் 'லைன் கிளியர்' என்பது ஓர் உயிர். சப்ஸ்டேஷனில் சப்ளையை நிறுத்தி, "இனி கம்பத்தில் ஏறலாம்" என்று கொடுக்கும் அனுமதி அது. சுருக்கமாக எல்.சி. வேலை முடிந்ததும் எல்.சி. வாங்கியவரே பேசித் திருப்பித் தர வேண்டும். அதுவரை ஆப்பரேட்டர் சப்ளை கொடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட வார்த்தை, டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன் வாயில்கூடப் புழங்கியது.

2. சாமிக்கு டூட்டி

சப்ஸ்டேஷன் ஆப்பரேட்டர் பெரியண்ணன் என்னைவிட மூத்தவர். ஒரு நாள் சலித்துக்கொண்டார்.

"ஒன் கொரலு நேர்ல ஒரு மாதிரி, போன்ல ஒரு மாதிரி இருக்குய்யா. எவனாச்சும் லைன் கிளியருன்னு சொன்னா நான் என்னத்தக் கண்டேன்?"

"அப்ப ஒரு அடையாளம் வச்சுக்குவோம்ணே. எல்.சி. வாங்கையில ஒரு சாமி பேரு சொல்றேன். திருப்பையில அதே பேரச் சொன்னாத்தான் நீங்க சப்ளை கொடுக்கணும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சாமியவே வாட்ச்மேன் வேலைக்கு வச்சுட்டியேய்யா!" ஆனால் ஒப்புக்கொண்டார். செக்ஷனில் கேலி ஓயவில்லை. ஒயர்மேன் செல்வராசு தினமும் காலையில், "என்ன சாமி, இன்னிக்கு யாருக்கு டூட்டி?" என்பான். பெயரைச் சொல்லமாட்டேன். எனக்கும் பெரியண்ணனுக்கும் மட்டுமே தெரியும்.

3. பால்குடத்தன்று

செல்வராசின் மாமனார் ஊரில் மாரியம்மன் திருவிழா. மதியம் அன்னதானம். காலையில் பலாமரக் கிளை விழுந்து லைன் போய்விட்டது. மோட்டார் ஓடவில்லை, சமையலுக்குத் தண்ணீர் இல்லை. திருவிழாக் கமிட்டியில் இருந்தவர் கருப்பையா, செல்வராசு மனைவியின் அண்ணன்.

"மாப்பிள, ஊரே பட்டினி கெடக்குது. சட்டுன்னு முடி!"

"கம்பத்துல ஏறி நீங்களே முடிங்க மச்சான், நான் போயிப் பந்தியில ஒக்காருறேன்."

நான் எல்.சி. வாங்கப் போன் போட்டேன். நாக்கில் மாரியம்மன் பெயர்தான் வந்தது. அப்போது மைக் செட்டில் அவள் பெயர் கேட்டது. ஊரே சொல்லும் பெயர் எப்படிப் பூட்டாகும் என்று தோன்றியது. என் குலசாமி பெயரைச் சொன்னேன்.

செல்வராசு லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் கம்பியைப் போட்டு ஏறினான். கம்பத்தில் லைன்களை இணைக்கும் ஜம்பர் கம்பிகளில் அறுந்த ஒன்றை மாற்றிவிட்டு, இன்னொன்றுக்குக் கம்பி எடுக்க இறங்கினான். கருப்பையா கோயில் வாசலிலிருந்து அதைப் பார்த்திருக்கிறார். வேலை முடிந்தது என்றே நினைத்துவிட்டார். செல்வராசு மறுபடி ஏறியது அவருக்குத் தெரியாது. நான் கம்மாய்க்கு அங்கிட்டு, கிளை விழுந்த இடத்தில் நின்றேன். அங்கே போனில் சிக்னல் இல்லை.

என்னைத் தேடிக் கிடைக்காமல், அவர் நேராகச் சப்ஸ்டேஷனுக்கே போன் போட்டிருக்கிறார். பின்னால் கொட்டுச் சத்தம். "லைன் இன்ஸ்பெக்டர் பேசுறேண்ணே. லைன் கிளியரு, போட்டு விடுங்க."

பெரியண்ணன் கேட்டார்: "இன்னிக்குச் சாமி யாரு?"

"சாமியா? எங்க மாரியாயிதான்ணே, வேற யாரு!"

"போனை வய்யிடா!"

அதன் பிறகு எனக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். கிடைக்கவில்லை. சப்ளையைப் போடும் பிரேக்கர் பக்கம் யாரையும் விடாமல் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. வேலை முடிந்து செல்வராசு இறங்கினான். நானும் வந்து சேர, எர்த்தை எடுத்தோம். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து கூப்பிட்டேன்.

"சாமி யாரு?" என்றார் பெரியண்ணன்.

"அடைக்கலம் காத்தார்." என் குலசாமியின் பெயரைச் சொன்னேன்.

பிறகு, "செல்வராசு எங்கய்யா?"

"இந்தா, பக்கத்துல நின்னு தண்ணி குடிக்கிறான்ணே."

"அவன்ட்டக் குடு. அவன் கொரலக் கேட்டுக்கிறேன்."

அதன் பிறகுதான் நடந்ததைச் சொன்னார். கம்பியின் மேல் கை இருக்கையில் சப்ளை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மோட்டார் ஓடிய சந்தோஷத்தில் கருப்பையா பானகச் செம்போடு ஓடி வந்தார். "என்னண்ணே அந்த ஆப்பரேட்டரு, வேலை முடிஞ்ச பெறகும் சாமி பேரக் கேட்டுக்கிட்டு..."

செல்வராசு பார்த்தான். "மச்சான், அப்ப நான் கம்பத்து மேலதான் இருந்தேன்."

கருப்பையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பானகம் மண்ணில் ஓடியது. "என் தங்கச்சி" என்றார். செல்வராசுதான் அவரைத் தூக்கி நிறுத்தினான். "எந்திரிங்க. பந்திக்கு நேரமாச்சு. இத வீட்டுல சொல்லப்படாது."

அன்று மூன்று பேரும் ஒரே வரிசையில் சாப்பிட்டோம். கருப்பையா தன் இலையில் கை வைக்கவில்லை. மாப்பிள்ளை சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் வந்தவர் அவர்தான். தங்கையிடம் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அவள் அழுதுவிட்டு, அண்ணனுக்குச் சோறு போட்டாளாம். அதைக் கேட்ட பிறகு எனக்கும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

தம்பிகளே, லைன் கிளியர் என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். எல்.சி. வாங்கியவன் வாயால் வராத வரை நம்பாதீர்கள். இதைப் பிறருக்குச் சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். அம்மன் நேரில் வந்தாள், அய்யனார் கையைப் பிடித்தார் என்று சேர்க்க வேண்டாம். ஒரு மனுஷன் கேள்வி கேட்டார், பதில் சரியில்லை என்றதும் சும்மா உட்கார்ந்திருந்தார். சாமி செய்தது அதுதான் என்று நான் நம்புகிறேன்.