ஆறாவதாக எழுதிய பெயர்

சுலக்ஷனாவுக்கு இருபது வயது. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் வளர்ந்தவள். உயர்தரப் பரீட்சைக்கு வணிகப் பிரிவை எடுத்தாள். ஏன் என்று கேட்டால் ஒரு தேயிலைப் பெட்டியைப் பற்றிச் சொல்வாள். நகரத்துக் கடையில் வாங்கிய அந்தப் பெட்டியில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் இருந்ததாம். அவளுடைய அம்மா ராசம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கூடைய இப்பிடியா மாட்டுவாங்க? அர மணித்தியாலத்துல கழுத்து போயிரும்" என்றாராம். இந்தப் படங்களை முடிவு செய்கிற இடத்தில் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியாவது இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்திருக்கிறாள்.

அதற்காக அவள் மனதில் வைத்திருந்தது கொழும்புப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பீடம் ஒன்று. நாடு முழுவதும் வணிகம் படித்தவர்கள் முட்டி மோதுகிற இடம். இரண்டாம் தடவை பரீட்சை எழுதியதில் பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் அவளுடைய இசட் புள்ளி நன்றாக ஏறியிருந்தது. ஆனாலும் நுவரெலியா மாவட்டத்துக்கு முந்தின ஆண்டு வந்த வெட்டுப்புள்ளியைவிட ஓர் இழை குறைவு. இந்த ஆண்டு அது இறங்கினால் இடம் உண்டு, ஏறினால் இல்லை.

விண்ணப்பத்தை நிரப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் நான் வேலை செய்யும் கடைக்கு வந்தார்கள். பஸ் நிலையத்துக்கு மேலே, போட்டோ கொப்பி எடுக்கும் சின்னக் கடை. விருப்ப வரிசையை அவள் எழுதி வந்த கொப்பியைப் பார்த்து வாசிக்க, நான் தட்டிக்கொண்டே வந்தேன். கொழும்புப் பீடம் ஆறாவதாக வந்தது.

பிறருடைய விண்ணப்பங்களில் நான் வாய் திறப்பதில்லை. அன்றைக்குக் கை நின்றுவிட்டது.

"இதுதானே உங்களுக்கு வேணும்னீங்க? ஏன் ஆறாவதா போட்டிருக்கீங்க?"

சுலக்ஷனா அம்மாவைப் பார்த்தாள். ராசம்மாதான் பதில் சொன்னார்.

"காலையில பெரட்டுல வேல பிரிக்கிறப்ப கொழுந்தெடுக்க நல்ல நெரயா வேணும்னு கேட்டுப் பாரு புள்ள. 'ஒனக்கு அவ்வளவு ஆசையா'ன்னு கங்காணி மலை உச்சிக்கு ஏத்தி விட்டுருவாரு. இருவத்தாறு வருசமா பாக்குறேன். அதான் கெடைக்கிறத மொதல்ல போடச் சொன்னேன். பெருசா கேட்டு, உள்ளதும் போச்சுன்னா?"

"இது அப்பிடி இல்லங்கம்மா. மேலருந்து ஒவ்வொண்ணா பாக்கும். மொதலாவதுக்குப் புள்ளி பத்தலைன்னா ரெண்டாவதுக்குப் போகும். ஆனா ஒண்ணு கெடச்சிட்டா அதோட நின்னுரும். ஆறாவத திரும்பியும் பாக்காது."

ராசம்மா திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"பெருசா கேட்டதுக்குக் கோவிச்சுக்காதா?"

"கோவிச்சுக்காதுங்க. கம்ப்யூட்டர்தானே பாக்குது."

"அதுக்குக் கங்காணி யாரும் இல்லியா?"

"இல்லங்கம்மா."

"அப்ப இத மேல தூக்கிப் போடு புள்ள." மகள் பக்கம் திரும்பினார். "ஏண்டி, இவ்வளவு படிச்சவ, ஒனக்கு இது தெரியாதா?"

"கைநூல்ல இருந்திச்சு, வாசிச்சேன்," என்றாள் சுலக்ஷனா, கொப்பியின் ஓரத்தை மடித்தபடி. "நம்பலம்மா."

ராசம்மா கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். மடிந்த ஓரத்தைத் தன் விரலால் நீவி விட்டார். கொழுந்துச் சாயம் படிந்த விரல். வரிசையை மாற்றி, அச்செடுத்து, மகளிடம் கையெழுத்து வாங்கினேன். மறுநாளே பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்.

மாதங்கள் போயின. வெட்டுப்புள்ளி ஓர் இழைக்கும் கொஞ்சம் அதிகமாகவே இறங்கியிருந்தது. கொழும்புப் பீடத்துக்கான தெரிவுக் கடிதத்தைப் பிரதி எடுக்க ராசம்மா மட்டும் வந்தார். மகள் உடுப்பு தைக்கக் கொடுக்கப் போயிருந்தாளாம். ஒன்று போதும் என்றாலும் கேட்கவில்லை, ஐந்து பிரதி எடுத்துக்கொண்டார்.

"நேத்து பெரட்டுல நானும் கேட்டேன் புள்ள."

"என்னத்தைங்கம்மா?"

"ரோட்டோரத்து நெரைய. முழங்கால் வலிக்குது, ஏற முடியலன்னு."

"குடுத்தாரா?"

"எங்க! கோவிச்சுக்கிட்டாரு." ராசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிரதிகளைப் பையில் வைத்து, மழை படாமல் சுற்றினார்.

"நாளைக்கும் கேப்பேன்."